ஓசூரிலிருந்து இரண்டு கைகள்

1 ஜூலை 2006, சனி

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. சிறுசேரி ஆபீஸில் கழித்துப்போட்ட எட்டு கம்ப்யூட்டர், வேனில் ஏற்றி, மாமல்லபுரம் சாலையில் இருக்கும் காது கேளாதோர் பள்ளிக்கு. நான், ரகு, டீமிலிருந்து இன்னும் மூன்று பேர். இனி சனிக்கிழமைதோறும் போய்ப் பாடம் எடுப்பதாக ஏற்பாடு.

இன்றைய அசட்டுத்தனங்கள்:

எட்டு ஜோடி ஸ்பீக்கரையும் பத்திரமாகக் கட்டி எடுத்துப் போனது.

போட்டுக் காட்டிய பாட சிடியில் ஒரு ஆள் பேசுகிறான், பேசுகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான். பிள்ளைகள் மரியாதைக்கு உட்கார்ந்து பார்த்தார்கள்.

கரண்ட் போனது. யூபிஎஸ் கீ கீ என்று கத்தியது. ஒரு பிள்ளையும் திரும்பவில்லை. அணையப்போகிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? யோசிக்கவே இல்லை.

தலைமை ஆசிரியை (இனி த.ஆ., முழுசாக எழுதக் கை வலிக்கிறது) சிரித்தார். "பரவால்லம்மா. நான் வேலைக்குச் சேந்த அன்னிக்கு, மணிய அடிச்சிட்டு வராண்டாவுல நின்னேன். யாருமே வரல."

கழுத்தெல்லாம் வேர்க்குரு. பவுடர் வாங்கணும்.

8 ஜூலை, சனி

புழுக்கம். ரகுவுக்கு ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ் வேலையாம். மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு காரணம். நான் மட்டும், பஸ்ஸில்.

வேன் குலுக்கலில் இரண்டு மெஷின் உயிர் விட்டிருந்தது. மெமரியைக் கழற்றி, ஒரு சின்னப் பெண்ணிடம் ரப்பர் வாங்கித் தேய்த்து மாட்டினேன். வந்துவிட்டது! கைதட்டல் கிடையாது. எல்லாக் கைகளும் மேலே போய் விரல்கள் படபடத்தன. ஆபீஸில் இப்படி ஒரு பாராட்டு என்றைக்குக் கிடைத்தது எனக்கு?

மதியம் தேவகி வந்தார். தையல் டீச்சர். இதே பள்ளியில் படித்தவர், அவருக்கும் காது கேட்காது. அட்டைப்பெட்டியில் கிடந்த வெப்கேமை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் நோட்டில் எழுதினார்: "இது அக்கா தெரியும்? கை தெரியும்?"

த.ஆ. விளக்கினார். தேவகியின் அக்கா அம்சா, அவருக்கும் கேட்காது. கல்யாணமாகி ஓசூரில். புருஷன் ஏழுமலை திருக்கழுக்குன்றத்துக்காரர், ஓசூரில் லேத் பட்டறையில் வேலை. அக்கா தங்கை பார்ப்பது வருஷத்துக்கு ஒரு முறை, பொங்கலுக்கு. கடிதம் சரிப்படாது, இரண்டு பேருக்கும் கைதான் பாஷை, எழுத்து கொஞ்சம்தான். அதனால் மாதம் ஒரு முறை த.ஆ. ஏழுமலைக்கு போன் போடுவார். தேவகி பக்கத்தில் நின்று த.ஆ.வின் முகத்தையே பார்ப்பார். எப்போதும் ஒரே பதில்: "நல்லா கீறா மேடம். ஒரு கொறையும் இல்ல."

எனக்கென்ன, வெப்கேம்தானே, அடுத்த வாரமே பேசிவிடலாம் என்று நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன். தேவகி அந்தத் தாளைக் கிழித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

15 ஜூலை, சனி

படுதோல்வி.

ஏழுமலை ஓசூரில் பிரவுசிங் சென்டருக்கு அம்சாவை அழைத்து வந்தார். பள்ளியில் இருப்பதோ டயல்அப். படம் வந்தது, கட்டம் கட்டமாக. அம்சா கையைத் தூக்கினால் அது அந்தரத்தில் நிற்கும். அடுத்த படத்தில் கை மடியில். நடுவில் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. தேவகி திரைக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்.

போனில் ஏழுமலை: "மூஞ்சி தெரிஞ்சிச்சில்ல மேடம், அது போதும்."

த.ஆ. அதைக் கையால் சொன்னதும் தேவகி எழுந்து போய்விட்டார். எனக்குப் பாதிப் பேச்சு தெரிந்து என்ன பயன், என்று அவர் சொன்னதாக த.ஆ. சொன்னார்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். ஆசை காட்டிவிட்டேன். வேகம் போதுமா என்று முதலில் பார்த்திருக்க வேண்டாமா? ஆபீஸ் வேலையில் இப்படிச் செய்வேனா?

18 ஜூலை, செவ்வாய்

டெஸ்டிங் நடுவே திடீரென்று உறைத்தது. போன மாதம் வீட்டுக்கு பிராட்பேண்ட் போட்டோமே! த.ஆ.வுக்கு போன். ஞாயிறு அவரும் தேவகியும் கேளம்பாக்கத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள்.

வாங்க: பிஸ்கட், பால் கூட ஒரு பாக்கெட், வேர்க்குரு பவுடர் (மறுபடி மறந்தாச்சு).

23 ஜூலை, ஞாயிறு

இரவு மழை, காலை குளிர்ச்சி. தேவகி பட்டுப்புடவையில் வந்தார். என் வீட்டுக்காரர் எல்லோருக்கும் டீ போட்டார்.

நான் கேமராவை தேவகியின் முகத்துக்கு நேராக வைத்தேன். அவர் அதை நெஞ்சுக்குத் திருப்பினார். நாற்காலியைப் பின்னால் தள்ளினார். கை தெரிய வேண்டும், முகம் அப்புறம். அங்கே ஓசூர் சென்டரில் அம்சாவும் அப்படியே நகர்ந்தார். பின்னால் ஏழுமலை நின்றார், தலை வெட்டுப்பட்டு, சட்டை மட்டும்.

பிறகு பேச ஆரம்பித்தார்கள். எழுதத் தெரியவில்லை எனக்கு. அவ்வளவு வேகம். இருவரும் ஒரே நேரத்தில். அம்சா யாரையோ நடித்துக் காட்ட, தேவகி சிரித்த சிரிப்பில் டீ கொட்டியது.

த.ஆ. எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்திவிட்டார். அம்சாவின் கைகள் மெதுவாயின. தேவகியின் கைகள் நின்றே போயின.

"என்ன மேடம்?"

"மாமியார் இருந்தவரைக்கும் கொஞ்சம் கையால பேசுவாங்களாம். அவங்க போய்ட்டாங்க. வீட்ல எல்லாரும் நல்லவங்கதான், சோறு துணிக்குக் குறை இல்ல. ஆனா என் கையைப் பாக்க ஆள் இல்லன்றா."

அந்த நேரம் த.ஆ.வின் செல் அடித்தது. ஏழுமலை. திரையில் சட்டைக்கு மேல் ஒரு கை செல்லைப் பிடித்திருந்தது. குரல் எனக்கே கேட்டது.

"மேடம், இவ இவ்ளோ பேசுவாளா? எங்க வூட்ல வாயத் தொறக்காத மாதிரி கையே தொறக்க மாட்டாளே. இன்னா சொல்றா?"

த.ஆ. செல்லைப் பொத்திக்கொண்டு தேவகியைக் கேட்டார், சொல்லட்டுமா? தேவகி அம்சாவைக் கேட்டார். அம்சா திரும்பிப் புருஷனை ஒரு தரம் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

த.ஆ. சொன்னார். ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல்.

அந்தச் சட்டை திரையை விட்டு வெளியே போனது. கொஞ்ச நேரத்தில் அம்சாவும் எழுந்தார். காலி நாற்காலி. அப்புறம் அதுவும் இல்லை.

26 ஜூலை, புதன்

ஏழுமலையின் செல் அணைந்தே இருக்கிறது. த.ஆ. தினமும் அடித்துப் பார்க்கிறார்.

வீட்டுக்காரர் சொல்கிறார், நீ நல்லதுதானே செய்தாய் என்று. நல்லதா? கம்ப்யூட்டர் கொடுக்கப் போனவள் ஒரு குடும்பத்துக்குள் கையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அவர் கோபக்காரரா என்றுகூட எனக்குத் தெரியாது.

29 ஜூலை, சனி

அனல் காற்று. பாடம் எடுத்தேன், என்ன எடுத்தேன் என்று நினைவில்லை. ஓசூரிலிருந்து இன்னும் ஒன்றும் இல்லை. தேவகி தையல் வகுப்பை விட்டு வெளியே வரவில்லை. நானாகப் போய் நோட்டில் "மன்னிச்சிடுங்க" என்று எழுதிக் காட்டினேன். அதை அடித்துவிட்டு எழுதினார்: "அக்கா உண்மை சொன்னது. நல்லது."

பிறகு என் சுடிதாரில் பிரிந்திருந்த தையலைப் பார்த்துவிட்டு, நிற்கவைத்தே தைத்துக் கொடுத்தார்.

5 ஆகஸ்ட், சனி

மேகமூட்டம். நான் போனபோது பள்ளி வாசலில் ஒரு ஆள், ஒரு பெரிய பை, அம்சா. நேரில் பார்த்ததும் சட்டென்று அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு சின்ன உருவம். அப்போதுதான் வந்திருக்கிறார்கள். தேவகி செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

ஏழுமலை த.ஆ. முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விட்டுவிட்டுப் போக வந்திருக்கிறாரோ?

"கோவிச்சிகினு வரல மேடம். செல்லு தண்ணில வுழுந்து பூட்ச்சி. லீவு கேட்டு இப்பதான் குட்தான் மொதலாளி." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நல்லா கீறான்னு நான்தான் சொல்லிகினு இருந்தேன். அவள ஒரு நாளு கேட்டதில்ல. கேக்கத் தெரியாது மேடம் எனக்கு. இன்னா பண்ணணும்னு சொல்லுங்க."

சனிக்கிழமை பெற்றோருக்கு சைகை வகுப்பு உண்டு. வருவதெல்லாம் அம்மாக்கள்தான். கடைசி பெஞ்சில் அவரை உட்காரவைத்தார் த.ஆ. பட்டறையில் வேலை பார்த்த விரல்கள், மடங்கவே மாட்டேன் என்றன. "சாப்பிட்டியா" வரைக்கும் வந்து வேர்த்து விறுவிறுத்துப் போனார்.

வகுப்பு முடிந்து வராண்டாவில் அம்சாவைக் கேட்டார். சாப்பிட்டியா? தப்பான கை. அம்சா அவர் விரல்களைப் பிடித்துச் சரிசெய்தார். பிறகு பதில் சொன்னார். நீளமான பதில்.

ஏழுமலை விழித்தார். த.ஆ.வைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா மேடம் சொல்றா?"

"என்னைப் பாக்காதீங்க. அவளைப் பாருங்க. 'மறுபடி சொல்லு'ன்னு இப்படிக் கேளுங்க."

அவர் அந்தக் கையசைவை இரண்டு தடவை தனக்குள் பழகிப் பார்த்துவிட்டு, அம்சா பக்கம் திரும்பிக் கேட்டார்.

அம்சா முதலிலிருந்து சொன்னார். நிதானமாக.