ஏழு பேருக்குச் சந்தை

பிப்ரவரி 6, செவ்வாய்

திஜானி சந்தைக்குப் போய்விட்டு வந்தார். இரண்டு ஓலைக்கூடை நிறைய. ஒன்றில் நான்கு காலிஃபிளவர். நான்கு! வீட்டில் இருப்பது நானும் அவரும். பெற்ற ஐந்தும் ஐந்து ஊரில் இருக்கின்றன. "எதுக்கு நாலு?" என்று கேட்டேன். "நல்லா இருந்துச்சு" என்றார். அதுதான் காரணமாம்.

முப்பத்தொரு வருஷம் எங்கள் ஸ்ஃபாக்ஸ் நகர அஞ்சலகத்தில் ஊரார் பணத்தை எண்ணிக் கொடுத்தவள் நான். இந்த மனுஷனின் கூடையைத்தான் என்னால் எண்ணி முடிக்க முடியவில்லை.

பிப்ரவரி 9

உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். போன மாதம் சாப்பாட்டுச் சாமானுக்கு மட்டும் ஆயிரத்து நூற்று நாற்பது தினார். இரண்டு பேருக்கு! அவருடைய ஓய்வூதியம் அப்படியே அடுப்படிக்குள் போய்விடுகிறது. பாதி குப்பைக்கும் போகிறது.

ஜூனில், கடல் தாண்டி லியோனில் இருக்கும் மகள் ஒல்ஃபாவுக்குப் பிரசவம். எங்களுக்கு முதல் பேரக்குழந்தை. இரண்டு டிக்கெட், விசா, குழந்தைக்கு ஒரு பொட்டுத் தங்கம். இப்படியே போனால் ஒரு டிக்கெட்டுக்குக்கூடக் காணாது. "நீ போயிட்டு வா, நான் எதுக்கு?" என்கிறார். எதுக்கா? தாத்தா எதுக்கு என்று யாராவது கேட்பார்களா? இரண்டு பேரும் போகிறோம். முடிவு செய்துவிட்டேன்.

பிப்ரவரி 10

"கொஞ்சமா வாங்குங்களேன்" என்றேன். முறைத்தார்.

"அரைக் கிலோ போடுன்னு கேக்கச் சொல்றியா? நாப்பது வருஷமா அங்க எல்லாரும் என்னை மரியாதையா 'சி' போட்டுத்தான் கூப்பிடறாங்க. அரைக் கிலோ கேட்டா, சி திஜானி வீட்ல என்ன ஆச்சுன்னு சந்தையே பேசும்."

"நம்ம வீட்ல ஒண்ணும் ஆகல. பிள்ளைங்க வளந்து போயிட்டாங்க. அவ்வளவுதான்."

ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்துவிட்டார். அதுவும் ஐந்து கிலோ.

பிப்ரவரி 12

அழுகின கீரையை அவர் கண் முன்னாலேயே கொட்டினேன். "இனிமே சந்தை என் பொறுப்பு" என்றேன். பெரிய சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் கூடையை ஆணியில் மாட்டிவிட்டு "சரி" என்றார். இவ்வளவு சுலபமா!

பிப்ரவரி 13

பாப் ஜெப்லி சந்தைக்கு நானே போனேன். அரைக் கிலோ கேரட், கால் கிலோ பட்டாணி. காய்க்காரன் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "சி திஜானி எங்கேக்கா?"

"இனிமே நான்தான் சி திஜானி. போடு."

சிரித்துக்கொண்டே போட்டான். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

மார்ச் 1

செலவு பாதியாகிவிட்டது. பாதி! குளிர்பெட்டிக் கதவு இப்போது இடித்துத் தள்ளாமலே மூடுகிறது. ஒல்ஃபாவிடம் போனில் சொன்னேன்: "அப்பாவும் வராரு, கட்டில் ரெண்டு போடு." எனக்கே என்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. ஏன் மூன்று வருஷத்துக்கு முன்பு, கடைசிப் பிள்ளையும் கிளம்பிப் போனபோதே இதைச் செய்யவில்லை?

மார்ச் 12

நோன்பின் முதல் நாள். திஜானி நண்பகல் தொழுகை அழைப்புக்குத்தான் கண் விழித்தார். முன்பெல்லாம் அதற்குள் மீன்காரனோடு ஒரு சண்டை, கறிக்காரனோடு ஒரு சண்டை முடித்துவிட்டு வந்திருப்பார். அந்தி வந்ததும் இரண்டு கரண்டி சோர்பா சூப் குடித்தார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, உப்பு இல்லை என்றும் சொல்லவில்லை.

மார்ச் 19

மருத்துவரிடம் கூட்டிப் போனேன். ரத்த அழுத்தம் சரி, சர்க்கரை சரி, இதயம் சரி. "நாள் பூரா என்ன பண்றீங்க?" என்று கேட்டார் அந்த டாக்டரம்மா. திஜானி என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.

மார்ச் 23

இன்றும் சவரம் செய்யவில்லை.

மார்ச் 27

விசா வந்துவிட்டது. இரண்டு பேருக்கும். கடவுச்சீட்டை அவர் கையில் கொடுத்தேன். "நல்லது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்குப் பயமா இருக்கு. நான் என்ன தப்பு பண்ணேன்? கணக்கு சரிதானே? பணம் மிச்சமாகுதே — யாருக்கு மிச்சம் பிடிக்கிறேன்? இப்படிச் சுருண்டு கிடக்கிற மனுஷனை விமானத்தில் ஏற்றி அங்கே கொண்டுபோய் என்ன செய்ய? வாரம் ஒரு தடவை சந்தைக்குப் போனவர், துறைமுகக் கிடங்கிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து தினமும் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாரே. அது அவருக்கு வேலை. அதை நான் பிடுங்கிக்கொண்டேன். காசு மிச்சம் என்று சந்தோஷம் வேறு.

கூடையைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி நான்கு காலிஃபிளவர். டிக்கெட் போச்சு. கொடுக்காவிட்டால் ஆளே போய்விடுவார் போலிருக்கிறது.

ஏப்ரல் 7

பெருநாளுக்கு எங்கள் ஊர் வழக்கப்படி உப்புமீன் வாங்கினேன். சும்மா சொல்லக் கூடாது, விலை பேசிக் குறைத்தேன். வீட்டுக்கு வந்து காகிதத்தைப் பிரித்ததும் வந்தது பாருங்கள் ஒரு நாற்றம்! மாடிப்படி வரைக்கும். மேல் வீட்டு மொன்ஜியாக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்துவிட்டாள்.

உள்ளே படுத்திருந்தவர் எழுந்து வந்தார். மீனைப் புரட்டினார், முள்ளோரம் விரலால் அழுத்தினார்.

"எவன்டி உன் தலையில கட்டினான் இதை?"

இத்தனை நாளில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம். திட்டுதான். கேட்க அவ்வளவு இனிப்பாக இருந்தது.

"அந்த மூலைக் கடைக்காரன்தான். முதல் தரம்னு சொன்னான்."

"முதல் தரமா? இரு, வச்சுக்கறேன் அவனை." செருப்பைத் தேடினார்.

"அண்ணே, எனக்கும் ஒண்ணு பாத்து எடுத்துட்டு வாங்க" என்று மொன்ஜியாக்கா காசை நீட்டினாள். "போன வருஷம் என்னையும் ஏமாத்திட்டான். எம்புருஷன் போனதுக்கப்புறம் ஒரு நல்ல மீன் எங்க வீட்டுக்குள்ள வந்ததில்ல." அதைக் கேட்டு மூன்றாம் மாடி மர்வாவும் பணத்தோடு ஓடி வந்தாள்.

சவரம் செய்துகொண்டுதான் போனார்.

ஏப்ரல் 10, பெருநாள்

மீனும், வெங்காயமும் உலர்திராட்சையும் போட்டு நாள் முழுக்கக் காய்ச்சிய சர்மூலாக் குழம்பும். மூன்று வீட்டிலும் ஒரே வாசனை. திஜானி இரண்டு முறை போட்டுக்கொண்டார். மர்வா பலகாரத்தட்டோடு வந்து, "மாமா, நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். சாயங்காலம் கிடைக்கிறது எல்லாம் வாடல்தான். நாளைக்குப் போறப்ப எங்களுக்கும்..." என்று இழுத்தாள்.

எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது.

ஏப்ரல் 15

வீடு வீடாக ஏறி இறங்கினேன். மொன்ஜியாக்கா, மர்வா, எதிர்வாசல் ஆசிரியர். எல்லோரும் முதல் நாளே காசு கொடுத்துவிட வேண்டும். வாங்கி வருவது திஜானி. கணக்கு நான்.

"என்னை எடுபிடி ஆக்கிட்டியா?" என்று கத்தினார்.

"கிடங்குப் பொறுப்பாளர் ஆக்கியிருக்கேன்."

கூடையை எடுத்தார். இரண்டு போதாது என்று மூன்றாவதையும் எடுத்தார்.

ஏப்ரல் 29

தினமும் மாடிப்படித் திருப்பத்தில் தராசை வைத்துப் பங்கு போடுகிறார். "அக்கா, இது உனக்கு. அந்தத் தக்காளியில கை வைக்காத, அது குழம்புக்கு!" கட்டடமே அதிர்கிறது. பெட்டிக்கணக்கில் வாங்குவதால் விலையும் இறங்குகிறது. எங்கள் பங்கு ஒரு சின்னப் பையில் வருகிறது. அதற்குமேல் கூடுதலாக ஒரு வெங்காயத்தைக்கூட நான் வாசற்படி தாண்ட விடுவதில்லை.

மே 14

டிக்கெட் எடுத்தாயிற்று. இரண்டு. நாங்கள் இல்லாத மூன்று வாரம் நம் வீடுகளுக்கு யார் வாங்கிப் போடுவார்கள் என்று கவலைப்படுகிறார். "நம் வீடுகள்" என்கிறார்!

ஜூன் 23, ஞாயிறு — லியோன்

பேத்தி பிறந்து நான்கு நாள். திஜானியின் மூக்கு அப்படியே. பாவம் குழந்தை.

காலையில் ஒல்ஃபாவின் சக்கரப்பையை இழுத்துக்கொண்டு சந்தையைத் தேடிக் கிளம்பிவிட்டார். மூன்று கிலோ பட்டாணி, ஒரு பெட்டி ஆப்ரிகாட், இரண்டு தர்பூசணி. ஒல்ஃபா தலையில் கையை வைத்துக்கொண்டாள். "அம்மா, அவரை நிறுத்தும்மா! இதையெல்லாம் யாரு சாப்பிடறது?"

"வாங்கட்டும் விடுடி. பக்கத்து வீட்ல எல்லாம் யாரு இருக்காங்க?"

"யாருக்குத் தெரியும்? வந்து ரெண்டு வருஷமாச்சு, ஒருத்தரோடயும் பேசினதில்ல."

"அப்ப நல்லதாப் போச்சு" என்றேன்.

சாயங்காலம் அவர் ஆப்ரிகாட் பழங்களை ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டப் போனார். நான் பட்டாணி உரிக்க உட்கார்ந்தேன்.