உன் பெயரில் நான் எழுதிய வரிகள்

உன் மடிக்கணினியைத் திறந்தால் இன்னும் உங்கள் வீட்டு அத்தர் மணக்கிறது. உன் உம்மா அதை என்னிடம் கொடுத்துப் போய் ஒரு போகம் முடிந்துவிட்டது.

நாம் எழுதிய வாய்க்கால் செயலி அதில்தான் இருக்கிறது. எந்த வயலுக்கு எப்போது முறைத்தண்ணீர் வரும் என்று வாய்க்கால் கடைசியில் பயிரிடும் கடைமடைக்காரர்களுக்குச் சொல்லும் செயலி. அதன் நிரல் உன்னிடம் ஒரு பிரதி, என்னிடம் ஒன்று, பள்ளிக் கணினியில் ஒன்று. மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் உனக்குச் சோறு இறங்காது. ஒருமுறை நான் அனுப்பிய பிழையை, பழைய பதிவிலேயே யாருக்கும் தெரியாமல் அழிக்கப் பார்த்தேன். என் கையைத் தட்டிவிட்டாய். "மூணு எடத்துக்கும் போனதை அழிக்காதடி லூசு. மேல புதுசா ஒண்ணு எழுது, தப்பு என்னுதுன்னு போடு. மானம் ஒண்ணும் கப்பல் ஏறிடாது."

நீ காய்ச்சலில் இறந்துபோன பிறகு உம்மா வெள்ளிக்கிழமைதோறும் வருவார். "அவ பேரு எங்கம்மா இருக்கு, காட்டு." ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அதைக் கடைசியாக எழுதியவர் பெயரும் தேதியும் தெரியும். உன் பெயரை விரலால் தொட்டுப் பார்ப்பார்.

இந்தக் குறுவைக்கு ஆற்றில் தண்ணீர் குறைவு. முறை மாறியது. உன் வரிகளைத் திருத்தியே ஆகவேண்டும். திருத்தினால் ஓரத்தில் என் பெயர் வந்துவிடும். அதனால், எழுதியவர் யார் என்று கேட்கும் இடத்தில் உன் பெயரைத் தட்டி, மூன்று பிரதிகளுக்கும் அனுப்பினேன்.

அடுத்த வெள்ளி உம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "இது போன வாரத் தேதியில்ல?"

"கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டும் உம்மா."

"நீ சொன்னா சரிதாம்மா. எனக்கு என்ன தெரியும்?"

அந்தப் பதில்தான் என்னைப் படிக்கவிடாமல் செய்கிறது. நேற்று நீ சொன்னபடியே செய்தேன். பழைய பதிவை அழிக்கவில்லை. அந்த வரிகளை என் பெயரில் மறுபடி எழுதி, "முந்தைய திருத்தம் அவளுடையதல்ல, பெயரை மாற்றிப் போட்டது நான்" என்று குறிப்பும் சேர்த்து அனுப்பினேன். மூன்று பிரதிகளும் ஒத்துப்போகின்றன.

நான்காவது பிரதி ஒன்று உம்மாவின் மனதில் இருக்கிறது. அதில் அந்த வரிகள் இன்னும் உன்னுடையவை. அதை இங்கிருந்து அனுப்பித் திருத்த முடியாது. முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நாளை வெள்ளிக்கிழமை.