ஏழாவது குழியருகே ஒரு கோரை

அம்மா, இதை யாரிடமும் காட்டிவிடாதே. நீ இருக்கும் இடத்தில் காட்ட ஆள் உண்டா என்றே எனக்குத் தெரியாது. வேறு யார் கையிலாவது இந்த நோட்டு கிடைத்தால், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், எங்கள் அப்பாவிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நானே சொல்ல வேண்டும். சொல்ல முடியுமா என்று பார்க்கத்தான் எழுதுகிறேன்.

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் வலது கை விரல்களிலிருந்து கோரைக்கிழங்கு வாசம் போகவில்லை. நீ வேலை முடிந்து லயத்து வீட்டுக்கு வரும்போது உன் முந்தானையில் வரும் அதே வாசம். எஸ்டேட் கிளப்பின் கோல்ஃப் மைதானத்தில் பகலெல்லாம் குந்தியபடி நகர்ந்து களை எடுப்பாய். பள்ளி விட்டதும் சூரியநெல்லி பஸ்ஸிலிருந்து இறங்கி நான் நேராக அங்கேதான் ஓடி வருவேன். உன் பக்கத்தில் குந்தி நானும் பிடுங்குவேன். பாதியில் அறுந்தால் தலையில் குட்டுவாய். "ஏட்டி, கெழங்கோட வரணும். மேல கிள்ளுனா நாளைக்கு ரெண்டா நிக்கும்" என்பாய்.

தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கோல்ஃப் சொல்லித்தருவதாகக் கிளப் செயலாளர் சார் அறிவித்தபோது, பெயர் கொடுத்தவர்களில் நான் ஒருத்திதான் பெண். அந்த வாரமே உன் போனில் கோல்ஃப் ஆடும் அந்த இங்கிலாந்துப் பெண்ணைக் கண்டுபிடித்தேன். அப்போது அவளும் பள்ளி முடிக்காதவள். பெரிய பெண்களோடு நின்று ஆடிக்கொண்டிருந்தாள். நாம் இருவரும் தலையை ஒட்டவைத்துக்கொண்டு பார்த்தோம். நீ அவளைப் பார்க்கவில்லை, அவள் காலடியைப் பார்த்தாய்.

"இம்புட்டுப் பெரிய எடத்துல ஒரு கோரை இல்ல பாத்தியா? யாருட்டி எடுக்கா? ஒருத்தியக்கூடக் காங்கல."

"மெஷின்ல எடுப்பாங்கம்மா."

"மெஷினுக்குக் கெழங்கு தெரியுமாக்கும்!"

அப்புறம் அவளையும் பார்க்க ஆரம்பித்தாய். "இந்தப் புள்ளைக்கு அவங்க அம்மா சோறு போடலையா, இப்படி ஒணந்து மெலிஞ்சு கெடக்கா" என்று கவலைப்பட்டாய். அவள் தொழில்முறை ஆட்டக்காரியானதும் உனக்கு "நம்ம புள்ள" ஆகிவிட்டாள். காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போதே, "நம்ம புள்ள எத்தனாவது எடம்?" என்று கேட்பாய். அந்த முதல் வருடம் முழுக்க நான் நல்ல பதிலே சொன்னதில்லை. அறுபதாவது இடம், அல்லது பாதியிலேயே வெளியே. ஒருநாள் ஏதோ ஒரு ஏர்போர்ட்டில் பையின் மேல் தலை வைத்துத் தூங்கும் அவள் படத்தைப் பார்த்துவிட்டு, "ஊருக்கு வந்துரச் சொல்லுட்டி" என்றாய், நான் சொன்னால் அவள் கேட்பாள் என்பதுபோல.

ஒரு வீடியோவை மட்டும் மறக்க முடியவில்லை. அன்று அவள் முன்னணியில் இருந்தாள். பந்துக்குப் பின்னால் மட்டையை வைத்தபோது பந்து இம்மி அசைந்தது. கேமராவுக்கே சரியாகத் தெரியவில்லை. அவள் நிமிர்ந்தாள், கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டாள், தன் கணக்கில் ஓர் அடியைத் தானே கூட்டிக்கொண்டாள். அந்த ஓர் அடியில் தோற்றாள்.

நீ வாயைப் பொத்திச் சிரித்தாய். "கிறுக்குப் புள்ள! யாரு பாத்தா? பேசாம அடிச்சிட்டுப் போவ வேண்டியதுதான?"

எனக்குக் கோபம் வந்தது. "தப்புன்னா தப்புதாம்மா. யாரும் பாக்கலன்னா இல்லன்னு ஆயிருமா?"

"அடேயப்பா! ஒனக்கு அப்படி ஒரு நா வரும்லா, அப்பப் பாப்போம்."

வந்துவிட்டது அம்மா. இன்றைக்கு.

கிளப்பில் இன்று சிறுவர் சிறுமியர் போட்டி. ஜெயிக்கும் பெண்ணுக்குக் கொச்சியில் ஒரு வருடம் தங்கிப் படித்துக்கொண்டே பயிற்சி. ஒரே ஒரு இடம். கடைசியில் மிஞ்சியது நானும் அனீட்டாவும். அவள் டாக்டர் சாரின் மகள், மூணாறிலிருந்து காரில் வருபவள். கெட்டவள் என்று நினைக்காதே. என் மட்டைப்பிடி நழுவுகிறது என்று தன் கையுறையைக் கழற்றித் தந்தவள்.

ஏழாவது குழியருகே என் பந்து புல்லுக்குள் போய் நின்றது. அதற்கு முன்னால் ஒரு கோரை, விரல் உயரம். நான் பந்து எப்படிக் கிடக்கிறது என்று பார்க்கத்தான் குந்தினேன். சத்தியம். கோரையைக் கண்டதும் கை தானாகப் போனது. அடியில் பிடித்து, ஒரு திருகு, கிழங்கோடு வந்துவிட்டது. உன்னிடம் காட்டத் திரும்பினால் நீ இல்லை. அப்போதுதான் எங்கே இருக்கிறேன் என்பதே உறைத்தது.

சருகு கிடந்தால் எடுக்கலாம், சுள்ளி கிடந்தால் எடுக்கலாம். வேரோடு நிற்பதைப் பிடுங்கி வழி பண்ணிக்கொண்டால் இரண்டு அடி கூடும். செயலாளர் சார் வாராவாரம் சொல்வது. அதே புல்லில், அதே கோரையைப் பிடுங்கத்தான் உனக்குக் கூலி கொடுத்தார்கள்.

அனீட்டா தன் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். நான் கோரையைப் பாவாடைப் பைக்குள் திணித்தேன். பந்தை அடித்தேன், சுத்தமாகப் போனது. ஒருவர் கணக்கை மற்றவர் எழுத வேண்டும் என்பது விதி. என் அட்டையைப் பிடித்துக்கொண்டு, இந்தக் குழிக்கு நாலு அடிதானே என்று அவள் மலையாளத்தில் கேட்டாள்: "நாலல்லே?"

நான் தலையை ஆட்டினேன்.

முடிவில் எனக்கு நாற்பத்தொரு அடி, அவளுக்கு நாற்பத்திரண்டு; அடி குறைந்தவளுக்குத்தான் கோப்பை. அவள் என் கையைக் குலுக்கி, "நன்னாயி களிச்சூட்டோ" என்றாள், நன்றாக ஆடினாய் என்று. அந்தக் கையில்தான் வாசம் இருந்தது.

அப்பா சிரித்ததை நீ பார்த்திருக்க வேண்டும். எலிக்காய்ச்சலில் நீ போன அந்த மழைக்குப் பிறகு அவர் பல்லை நான் பார்க்கவே இல்லை. கோப்பையைத் தோளில் வைத்துக்கொண்டு வரிசை வரிசையாக எல்லா லயங்களுக்கும் போனார். "களை எடுத்தவ மக! களை எடுத்தவ மக!" என்று கதவுக்குக் கதவு சொன்னார். பக்கத்து வீட்டு மாரியம்மா சித்தி, "என்ன மாமா, தேருக்குச் சாமி தூக்குற மாதிரில்லா தூக்குறீக" என்று கேலி செய்ததும், "ஆமாட்டி, சாமிதான்" என்றார். பிறகு பரோட்டா வாங்கி வந்து எனக்கு ஊட்டினார். அதை எப்படி விழுங்கினேன் என்று கேட்காதே. இரவு ஷிப்டுக்கு ஃபாக்டரிக்குப் போகும்போதும் வாசலில் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

என்னைக் கொச்சிக்குக் கூட்டிப்போக விடியுமுன் கிளப் ஜீப் வந்துவிடும். நான் ஏறிவிட்டால் முடிந்தது. பயமாக இருக்கிறது அம்மா. சொன்னால் அப்பா முகம் என்ன ஆகும் என்று ஒரு பயம். லயத்துப் பிள்ளைகளே இப்படித்தான் என்று சொல்லி ஞாயிறு வகுப்பையே நிறுத்திவிடுவார்களோ என்று இன்னொரு பயம். அந்தச் சின்னப் பையன்கள் என்ன பாவம் செய்தார்கள்? சொல்லாமல் போனாலும் பயம்தான். கொச்சியில் ஒவ்வொரு முறை குனியும்போதும் அனீட்டா "நாலல்லே?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நீ போன பிறகு நம்ம புள்ள ஜெயித்தாள். முதல் பெரிய கோப்பை. சிக்னல் கிடைக்கும் அந்த வளைவில் மழையில் நின்று பார்த்தேன். அப்புறம் இன்னொன்றும் ஜெயித்தாள். இப்போது அவள் எத்தனாவது இடம் என்று யாரும் என்னைக் கேட்பதில்லை, அதனால் நானே அடுப்பிடம் சொல்லிக்கொள்கிறேன். தோற்ற அன்று அவளைப் பற்றி உன்னோடு சண்டை போட்டேனே, அது எவ்வளவு சுலபமாக இருந்தது! அவள் அந்த இரவு எப்படித் தூங்கினாள் என்று நான் யோசித்ததே இல்லை. தூங்கியிருப்பாள் என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

சாயங்காலம் முழுக்க இந்தக் கையின் மேல்தான் எனக்குக் கோபம். எழுதிக்கொண்டே வரும்போது அது போய்விட்டது. நீ விட்டுப்போனதில் என்னோடு தங்கியிருப்பது இந்தக் கை. கோரையைக் கண்டால் சும்மா இருக்காது, கிழங்கு வரும்வரை விடாது. கை செய்தது பழக்கம், அதற்கு இரண்டு அடி. தலையை ஆட்டியதுதான் பொய். அது உன்னிடமிருந்து வந்ததில்லை, என்னுடையது. கொடுத்துத் தீர்க்க வேண்டியவள் நான்தான்.

என் கணக்கு நாற்பத்து மூன்று. இப்போது எழுதிவிட்டேன், பார். சொல்லிப் பார்க்கவும் செய்தேன், மெதுவாக, சுவருக்குக் கேட்காமல். அப்பாவிடம் முதலில். அப்புறம் ஜீப்பில் ஏறாமல் நின்றபடி சாரிடம். அப்புறம் அனீட்டாவிடம்…

அப்பா ஷிப்ட் முடிந்து வந்து கதவைத் தட்டுகிறார். "ஏ தாயி, முழிச்சிட்டியா? ஜீப்பு வெளிச்சம் கீழ் வளைவுல தெரியிது, கதவத் தொற."

அம்மா, திறக்கப்போகிறேன். திறந்ததும் முதலில் அப்பாவின் கையைப் பிடித்து, நாற்பத்து மூன்று என்று