லிப்ஸ்டிக் டப்பாவில் ஊதாப் பசை

பசை ராஜாவுக்கு,

முட்டை அவிச்சு வச்சிருக்கேன். சாவி செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால விழுந்து கிடக்கு, குனிஞ்சு எடுத்துக்குங்க.

எந்நேரமும் பசையையே கட்டிக்கிட்டு அழறீங்கன்னு நேத்து போட்ட சண்டை இன்னும் முடியல. லிப்ஸ்டிக்கைப் பார்த்துத்தான் ஒருத்தர் பசைக்குச்சியையே கண்டுபிடிச்சாராம், ஆயிரம் தடவை சொல்லிட்டீங்க. அதுக்காக என் லிப்ஸ்டிக் டப்பாவைக் காலி பண்ணி உங்க பசையை நிரப்பி வைக்கலாமா? காலைல அவசரத்துல பூசிக்கிட்டேன். உதடு ரெண்டும் கப்புனு ஒட்டிக்கிச்சு! ஸ்டேஷன்ல ரயில் வர்றதை மைக்ல சொல்றவ நான். இன்னிக்குக் கையாலதான் காட்டணும்போலன்னு நினைச்சேன்.

திட்டலாம்னு ஓடி வந்தா, நீங்க குறட்டை. கண்ணாடியில பார்த்தா ஊதா உதட்டோட பேய் மாதிரி நான். சிரிச்ச சிரிப்புல வாய் திறந்துடுச்சு. தண்ணி எடுத்துட்டு வந்து மறுபடி பாக்கறேன், கலரைக் காணோம்!

பூசும்போது ஊதாவாத் தெரியணும், காஞ்சா மறையணும், மறையவே மாட்டேங்குதுன்னு தலையில கை வச்சு உக்காந்திருந்தீங்களே, மறையுதுங்க! நீங்க சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அப்பினா எப்படிக் காயும்? லிப்ஸ்டிக் மாதிரி லேசா இழுங்க. உங்க பசைக் கம்பெனி மேனேஜர் வந்ததும் அப்படியே காட்டுங்க.

எனக்குப் புது லிப்ஸ்டிக் வரணும். அதுல பேச்சே இல்ல.

பி.கு: இந்தச் சீட்டு கண்ணாடியில எப்படி நிக்குதுன்னு டேப்பைத் தேடாதீங்க. இன்னொரு தடவை பூசி, பின்பக்கம் ஒரு முத்தம் வச்சிருக்கேன். கலர் இருக்காது. ஆனா புடிச்ச பிடியை விடாது.