வால்வைக் கழற்றிய பிறகும் பாடிய பெட்டி

"நீயாவது உண்மையச் சொல்லு டீச்சர். உனக்கு வித்தியாசம் தெரியுதா?"

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, சமையலறை வாசலில் வந்து நின்று நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். நானும் பதில் சொன்னேன். அந்தப் பதில் தவறு. முப்பத்தொரு வருடம் அரசுப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தியவள் நான். கட்டிய கணவர் கேட்ட ஒரு வரிக் கேள்விக்குத் தவறாக விடை சொன்னேன். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் கடைசியாக வாங்கி மாட்டிய இரண்டு கண்ணாடி வால்வுகளும் என் மேசைமேல்தான் கிடக்கின்றன, சின்னக் கத்தரிக்காய் அளவில். பஞ்சில் சுற்றி வைத்தேன், பிறகு பஞ்சையும் எடுத்துவிட்டேன். அவற்றுக்கு அவ்வளவு மரியாதை தேவையில்லை. பார்க்கும்போது அழுகை வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது.

முதலில் உங்கள் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மில்லில் நீங்கள் தறி பழுதுபார்க்கும் பிட்டர். ஒரே கூரையின் கீழ் இருநூறு தறிகள் இரையும். ஒருமுறை சாப்பாட்டுத் தூக்கோடு வந்த நான் வாசலிலேயே காதைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டேன். நீங்களோ அந்த இரைச்சலுக்குள் சந்தைக்குப் போகிறவரைப் போல நடந்து, ஏதோ ஒரு தறிமேல் கை வைத்து, "இது நாளைக்கு நிக்கும்" என்பீர்கள். நிற்கும். மில் மூடிய பிறகு ஓட்டல்களில் லிப்ட் பழுதுபார்க்கப் போனீர்கள். அங்கேயும் கருவிப் பையைத் திறப்பதற்கு முன் காதைத்தான் கொடுப்பீர்களாம்.

நோணாங்குப்பம் படகுத்துறையில் ஒருநாள் படகில் போனோமே, என் தங்கை குடும்பத்தோடு. ஏறி உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் நீங்கள் படகுக்காரரைக் கூப்பிட்டீர்கள்.

"தம்பி, இன்ஜின் ஒரு மாதிரி இருமுது. திருப்பிக்க."

"பெருசு, போட்ட நான் ஓட்றேன். நீ காத்து வாங்கினு வா."

உப்பங்கழியின் நடுவில் இன்ஜின் நின்றது. வேறு படகு வந்து இழுத்துப் போக முக்கால் மணி நேரம். இறங்கும்போது அவர், "பெருசு, நீ இன்னா டாக்டரா?" என்றார். "இன்ஜினுக்கு மட்டும்" என்றீர்கள். வீடு வந்து சேரும்வரை அந்தப் பெருமை உங்கள் முகத்திலிருந்து இறங்கவே இல்லை. பட்டம், பதவி, பதக்கம் எல்லாமே உங்களுக்கு அந்தக் காதுதான். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தவள் செய்த காரியத்துக்குத்தான் இப்போது வருகிறேன்.

வேலையெல்லாம் முடிந்து வீட்டில் உட்கார்ந்த பிறகு பாட்டுக் கேட்கும் அந்தக் கூட்டம் சேர்ந்தது. ஞாயிறு காலை பத்து மணி, நம் கூடம். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், அவர்தான் தலைமை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனில் இருக்கும் ஒருவர்; ஊரார் வாயில் அவர் சொல்தா முசே, அதாவது பட்டாளத்து ஐயா. மூன்றாவது ஆள் நீங்கள். அவர்கள் வீட்டிலும் கூடம் உண்டு. ஆனால் ஈயம் பற்றவைக்க நீங்களும் காபி போட நானும் இங்கேதானே இருந்தோம்.

போனிலும் கம்ப்யூட்டரிலும் எண்களாகக் கிடக்கும் பாட்டை ஒலியாக மாற்றித் தரும் சின்னப் பெட்டி ஒன்று உண்டு. அவர்கள் பேச்சில் அது 'டேக்'. அந்த வேலைக்கு நகக்கண் அளவு சில்லு போதும். மேனேஜர் தேடிப் பிடித்து உங்களை வாங்க வைத்ததோ, தலையில் இரண்டு வால்வு வைத்த பெட்டி. பழைய வால்வு ரேடியோவுக்குள் எரியுமே, அதே செம்மஞ்சள் வெளிச்சம். நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன்: ஒழுங்காகச் செய்த வால்வுப் பெட்டி ஒலியைக் கொஞ்சம் மாற்றும், சிலருக்கு அது பிடிக்கும். அதில் எனக்குச் சண்டை இல்லை. அதைச் சுற்றி உட்கார்ந்து பேசிய பேச்சைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

பெட்டி வந்த மாதமே அதன் வால்வுகள் மட்டம் என்று தீர்ப்பானது. ரஷ்ய வால்வு வந்தது. பிறகு கரண்ட் சுத்தமில்லை என்று அதற்குத் தனியாக ஒரு பெட்டி. பிறகு புடலங்காய் கனத்தில் ஒரு வயர். பிறகு அதிர்வு ஆகாது என்று, என் சமையல் மேடையில் மீந்த கடப்பாக்கல்லை எடுத்து அடியில் வைத்தீர்கள். ஒவ்வொன்றும் வந்ததும், "நூறு மணி நேரம் ஓடணும், அப்பதான் வாய் தொறக்கும்" என்பார் மேனேஜர். புதுச் சாக்பீஸ் நூறு மணி நேரம் எழுதிய பிறகுதான் வெள்ளையாகும் என்று நான் வகுப்பில் சொல்லியிருந்தால், எட்டாம் வகுப்புப் பெண்கள் மேசையைத் தட்டிச் சிரித்திருப்பார்கள். நம் கூடத்தில் மூன்று பெரிய மனிதர்கள் தலையாட்டினார்கள்.

"பாத்தீங்களா, பாடறவங்க இப்ப ரெண்டடி முன்னால வந்து நிக்கிறாங்க" என்பார் மேனேஜர், கண்ணை மூடிக்கொண்டு. நான் அவர் முன்னால் காபித் தம்ளரோடு நின்றிருப்பேன். நான் நிற்பது அவருக்குத் தெரியாது.

"த்ரே பியேன், த்ரே பியேன்" என்று பிரெஞ்சில் மெச்சுவார் சொல்தா முசே.

எதைக் கையில் கொடுத்தாலும் திருகைக் கழற்றி உள்ளே பார்க்கிறவர் நீங்கள். இந்தப் பெட்டியின் நாலு திருகை மட்டும் தொடவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். முதல் வாரமே திருப்புளியோடு உட்கார்ந்தபோது மேனேஜர் சொன்னார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்: "அது லூம் இல்லப்பா, மெல்லிசான சமாச்சாரம். நீ டியூப மட்டும் மாத்து. அதுவும் பவர நிறுத்திட்டு." வால்வைத்தான் அவர் டியூப் என்பார். நீங்கள் திருப்புளியைப் பைக்குள் வைத்தீர்கள். ஐம்பது வயதில் ஓட்டல் முதலாளிகளை எதிர்த்துப் பேசியவர், எழுபதில் இந்த மனிதரிடம் வாயை மூடிக்கொண்டீர்கள். அவர்கள் நடுவில் ஒரு நாற்காலி கிடைத்ததே, அதற்காக.

அந்த ஞாயிறு, புது வால்வு மாட்டிய நாள். இப்போது என் மேசையில் கிடக்கிறதே, அதே ஜோடி. வீணைப் பதிவு ஒன்று வைத்தீர்கள். "திரை வெலகின மாதிரி இருக்குப்பா" என்றார் மேனேஜர். "மெர்சி, மெர்சி" என்று யாருக்கோ நன்றி சொல்லி நெஞ்சில் கை வைத்தார் சொல்தா. நீங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து என்னிடம் வந்தீர்கள்.

அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. போன வாரம் எப்படியோ இந்த வாரமும் அப்படித்தான். "நல்லாத் தெரியுதுங்க. ரொம்ப எடுப்பா இருக்கு" என்றேன்.

ஆசையாக வாங்கியது, மனசு நோகக் கூடாது என்று நினைத்தேன். கூட்டம் சீக்கிரம் கலைந்தால் சாப்பாடு போடலாம் என்றும் நினைத்தேன். எது முந்தியது என்று இப்போது கேட்டால் சாப்பாடுதான் என்று தோன்றுகிறது.

"அப்டியா" என்றீர்கள். பிறகு உள்ளே போய், "ஆமா சார், நல்லா இருக்கு" என்றீர்கள்.

அடுத்த மாதமோ என்னவோ, கிரைண்டர் ஓடும்போது, "சத்தம் மாறியிருக்கு பாருங்க" என்றேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நீயே பாரு டீச்சர். உன் காதுதான் நல்லா இருக்கே" என்றீர்கள். கிண்டல் என்று சிரித்தேன். எதிர்வீட்டில் தண்ணீர் மோட்டாரைப் பார்க்கக் கூப்பிட்டார்கள், வேறு ஆளைக் கூப்பிடச் சொன்னீர்கள். காது டாக்டரிடம் போகலாமா என்றதற்கு, "முப்பது வருசம் அந்தச் சத்தத்துல நின்னேன். மில்லு தின்னுடுச்சு. அதுக்கு ஒரு சீட்டு வேற எழுதி வாங்கணுமா?" என்றீர்கள். வயதானால் எல்லாருக்கும்தான் என்று நானும் ஆறுதல் சொன்னேன். எவ்வளவு எளிதாகச் சொன்னேன்! போன வருடம் நெஞ்சுவலி வந்து போய்விட்டீர்கள். கடைசிவரை எந்த மோட்டாரைப் பற்றியும் நீங்கள் வாய் திறக்கவில்லை.

போன வாரம் மேனேஜர் போன் செய்தார். "மேடம், அவரு ஞாபகமா அந்த டேக்க நான் வச்சிக்கட்டுமா?" வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். கொடுப்பதற்கு முன் ஒருமுறை கேட்கலாம் என்று அந்த வீணையை ஓடவிட்டு, பெட்டியைத் துணியால் துடைத்தேன். பவரை நிறுத்திவிட்டுத்தான் வால்வைத் தொட வேண்டும் என்ற சட்டம் நினைவில்லை. ஒரு வால்வு துணியோடு கையில் வந்துவிட்டது. வீணை நிற்கவில்லை.

மற்றதையும் உருவினேன். அப்போதும் நிற்கவில்லை. வால்வு இருந்த இரண்டு குழிகளிலும் அதே செம்மஞ்சள் வெளிச்சம் எரிந்தது. பிளக்கைப் பிடுங்கி, உங்கள் திருப்புளியால் அந்த நாலு திருகையும் கழற்றினேன். ஒவ்வொரு குழிக்கு அடியிலும் கடுகளவு விளக்கு ஒன்று, கொலு பொம்மைக்குப் பின்னால் வைப்பது போல. வால்வு அங்கே சும்மா உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். பாட்டு அதன் பக்கமே போகவில்லை. எவனோ ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து, இவர்கள் வெளிச்சத்தைப் பார்த்துக் கேட்பவர்கள், காதால் கேட்பவர்கள் இல்லை என்று சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறான். அயோக்கியன். ஆனால் கெட்டிக்காரன்.

ஞாயிறு வந்தார்கள், இருவரும். பெட்டியைத் துணியால் மூடி வைத்திருந்தேன். வால்வுகள் என் கைக்குள்.

"ஒரு மாத்தம் பண்ணியிருக்கேன். எப்டி இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க."

மேனேஜர் கண்ணை மூடினார். "மேடம், சத்தியமா சொல்றேன், இவ்ளோ ஆழமா இந்த வீட்ல நான் கேட்டதே இல்ல. எந்த டியூப்?"

"இந்த டியூப்" என்று கையை விரித்தேன்.

பார்த்தார். துணியை விலக்கிப் பார்த்தார். வீணை தன் பாட்டுக்கு ஓடியது. "அது... உள்ள இன்னும் கொஞ்சம் சூடு மிச்சம் இருக்கும் மேடம்" என்றார். இந்த விடையை எந்த மாணவியாவது எழுதியிருந்தால், பக்கத்தைக் கிழிக்காமல் அப்படியே வைத்து அடுத்த வருட வகுப்புக்கும் படித்துக் காட்டியிருப்பேன்.

சொல்தா முசே தரையைப் பார்த்தபடி பேசினார். "மதாம், நமக்கு ஒருநாளும் ஒண்ணும் தெரில. பீரங்கி சத்தத்துல காது போயிடுச்சின்னு நெனச்சேன். மேனேஜருக்குத் தெரியுது, உங்க முசேக்குத் தெரியுது, நா மட்டும் தெரிலன்னு எப்டி சொல்றது?"

"அவருக்கும் தெரியலங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. உன் காதுதான் நல்லா இருக்கே என்று நீங்கள் சொன்னது கிண்டல் இல்லை. சமையலறை வாசலில் நீங்கள் பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. உங்கள் காது இருக்கிறதா போய்விட்டதா என்று கேட்டீர்கள். நான் போய்விட்டது என்று சொல்லி அனுப்பினேன்.

"அப்ப யாருக்குத்தான்யா தெரிஞ்சுது?" என்று சொல்தா மேனேஜரிடம் திரும்பினார். மேனேஜர் கார் சாவியைத் தேடினார். பெட்டியை எடுத்துக்கொள்ளாமலே போனார்.

மேனேஜரை எனக்கு இனி மன்னிக்கவும் தோன்றாது, கோபிக்கவும் தோன்றாது. அவர் தன்னையே ஏமாற்றிக்கொண்டவர். நான் ஏமாறவில்லை. தெரியவில்லை என்பது தெரிந்தே, தெரிகிறது என்றேன். பெட்டி செய்தவன், மேனேஜர், நான்: மூன்று பேரில் என் இடம் எது என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

திருத்திய விடை இது: எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியாததும் சரி, ஏனென்றால் வித்தியாசமே இல்லை. மில் உங்கள் காதைக் கொஞ்சம் தேய்த்திருக்கலாம், அது வேறு. அன்று அது கேட்டதைச் சரியாகத்தான் கேட்டது. விடை சரி. மதிப்பெண் கொடுக்க வேண்டியவள்தான் தவறிவிட்டேன்.

இப்போதெல்லாம் தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் ஒரு நிமிடம் பக்கத்தில் நின்று கேட்கிறேன். எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை. இருந்தாலும் நிற்கிறேன்.

ஆய்வுக்கூடத்தில் ஊசல் சோதனை செய்யும்போது என் மாணவிகள் தாங்கள் எண்ணியதை எழுத மாட்டார்கள். பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்து, அதில் உள்ளதை எழுதுவார்கள். பக்கத்து நோட்டுக்காரி அதற்கு முந்தைய நோட்டைப் பார்த்திருப்பாள். கடைசியில் வகுப்பு முழுக்க ஒரே தவறு, அழகான கையெழுத்தில். அதை நிறுத்த நான் கண்ட வழி ஒன்றே ஒன்று. இந்த மடலைப் படிக்கிறவர் யாரானாலும், வீட்டில் இப்படி ஒரு பெட்டி வைத்திருந்தால், இதைச் செய்து பாருங்கள்: வீட்டில் ஒருவரை எதையாவது மாற்றவோ, மாற்றாமல் விடவோ சொல்லிவிட்டு, பெட்டிக்கும் மற்றவர்களுக்கும் முதுகைக் காட்டி உட்காருங்கள். காதில் விழுந்ததை, 'ஒன்றும் தெரியவில்லை' என்பதானாலும், பேனாவால் எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு திரும்புங்கள்.