ஆளுக்கு ஒரு சாமான்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நான் இருக்கிறேன், முழங்கால்தான் சொன்னபடி கேட்பதில்லை. நீயும் மருமகளும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தால் எனக்கு அது போதும்.

காலையில் போன் அடித்தால் ஏன் எடுப்பதில்லை என்று கோபித்துக்கொண்டாயே, அந்த நேரம் நான் ரயிலில் இருந்தேனடா, மடியில் சைக்கிள் சக்கரத்தை வைத்துக்கொண்டு. போனில் சொன்னால் உன் தங்கை காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன். அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி, ஸ்டேஷனில் இறங்கி வெகுதூரம், விடியற்காலையில் பஸ்ஸும் கிடையாது, சைக்கிள் இல்லாவிட்டால் வேலையே இல்லை. பாசஞ்சரில் சாமான் பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். முழு சைக்கிளை உள்ளே ஏற்றக்கூடாதாம், முன்சக்கரத்தைக் கழற்றினால் ஏற்றலாமாம், ஆனால் ஆளுக்கு ஒரு சாமான்தானாம். அவளுக்கு சைக்கிள், எனக்குச் சக்கரம். அங்கே மாட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்புவேன், சாயங்காலம் மறுபடி போவேன். அங்கேயே விட்டுவிட்டு வரலாமே என்பாய், ஒரு நாள் விட்டாள், மறுநாள் சீட்டும் இல்லை செயினும் இல்லை.

இந்தச் சட்டம் பேசியது யார் தெரியுமா, உன்னோடு படித்த அந்த ஒல்லிப்பிச்சான், இப்போது டிக்கெட் செக்கர். உனக்கு உடம்பு அனலாய்க் கொதித்த அன்று, மழையில் டாக்டரிடம் தூக்கிப்போக அவன் அம்மாவிடம் குடை கேட்டேன், கம்பி ஒடஞ்சிருக்கு என்றாள். அன்று சாயங்காலமே அந்தப் பச்சைப்பிடிக் குடை நம் வாசல் வழியாகப் போயிற்று. நீ மறந்திருப்பாய், நான் மறப்பேனா.

முந்தாநாள் மழை, பெட்டியில் ஏறப்போய் கால் மடங்கிக் கீழே உட்கார்ந்துவிட்டேன். உன் தங்கை முகம் செத்துப்போயிற்று, வேலைய விட்டுடறேம்மா என்றாள். விட்டால் அவள் பிள்ளைகள் கதி என்ன. அப்போது அவன் வந்து கையை நீட்டினான். சக்கரத்தக் கொடுங்க பெரியம்மா, ஆளுக்கு ஒரு சாமான்தானே, எங்கிட்ட ஒண்ணுமே இல்லையே, இது என் சாமான், நீங்க வீட்டுக்குப் போங்க என்றான். அந்தக் குடை கண்ணுக்குள் வந்து நின்றது. ஆனாலும் கொடுத்தேன். ஒழுங்காகப் பிடித்திருக்கிறானா என்று வண்டி கிளம்பும்வரை நின்று பார்த்தேன். நேற்றும் இன்றும் அவன்தான். குடை விஷயத்தை இன்னும் கேட்கவில்லை, விட்டுவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே. மாதக் கடைசியில் அவனுக்கு வேறு ரயில் போடுகிறார்களாம்.

நான் எழுதியதைத் தங்கையிடம் சொல்லாதே, ரோஷக்காரி. வேளைக்குச் சாப்பிடு, பேத்தியை அதட்டாதே. நோய்நொடி அண்டாமல் மூவரும் நன்றாக இருக்க வேண்டும். இந்த மாதம் மட்டும் காலையில் கூப்பிடு, எடுப்பேன். அப்புறம் கூப்பிடாதே, கையில் சக்கரம் இருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா