நடு நெற்றியில் கண்

மட்டாஞ்சேரி,
6-1-2025

அன்புள்ள நௌரின் மிஸ்ஸுக்கு,

ஆயா கற்பகம் எழுதுகிறேன். என் நம்பரைப் பிளாக் செய்துவிட்டீர்கள். தபால்காரரை என்ன செய்வீர்கள் என்று பார்த்துவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம். குட்டிப் பையனுக்குச் சளி ஒன்றும் இல்லையே?

பிரசவத்துக்கு நீங்கள் பாலக்காடு போனதிலிருந்து எல்.கே.ஜி.க்கு ஆள் கிடைக்கவில்லை. ஹெச்.எம். கமலாக்ஷி டீச்சர்தான் என்னைப் போய் உட்காரச் சொன்னார். நானாகக் கேட்கவில்லை மிஸ். பெருக்கித் துடைப்பதும் நான்தான், பாட்டுச் சொல்லிக் கொடுப்பதும் நான்தான். உங்கள் இடத்தை நான் பிடித்துக்கொண்டதாக யாரோ உங்கள் காதில் போட்டிருக்கிறார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

இப்போது தலை போகிற காரியம் ஒன்று. நீங்கள் வரையும் குண்டுப் பறவை வேண்டும் என்று பிள்ளைகள் தினமும் ஒப்பாரி வைக்கிறார்கள். நானும் வரைந்து காட்டினேன். "இது உருளக்கிழங்கல்லே?" என்று கேட்டுவிட்டான் அல்தாஃப். வகுப்பே சிரித்தது. வரும் பதினேழாம் தேதி டீச்சர் வந்து வகுப்பைப் பார்க்கிறார். சரியில்லை என்றால் கலூரிலிருந்து வேறு யாரையோ கொண்டுவரப் போகிறாராம். உங்கள் பிள்ளைகளுக்காகவாவது அந்தப் பறவையை எனக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மேல் துளியும் கோபமில்லாத
கற்பகம்


பாலக்காடு,
10-1-2025

கற்பகம் அக்காவுக்கு,

நான் தமிழில் எழுதி ரொம்ப நாளாயிற்று. பிழை இருந்தால் சிரிக்கக் கூடாது. என் கோபம் இன்னும் தீரவில்லை. அது என் வகுப்பு. ஜூனில் நான் திரும்பி வருவேன், அதை மறந்துவிடாதீர்கள். ஆனால் என் பிள்ளைகளிடம் உருளைக்கிழங்கைக் காட்டிப் பறவை என்று சொன்னால் நான் எப்படிச் சும்மா இருப்பது?

சாயா கிளாஸைக் கவிழ்த்து வைத்துச் சுற்றி வரையச் சொல்லுங்கள். அது வயிறு. அதன் மேல் ஒட்டினாற்போல மருந்து பாட்டில் மூடியை வைத்து ஒரு வட்டம். அது தலை. மூக்குக்கு ஒரு சமோசா, சிறகுக்குப் பாதி சப்பாத்தி, காலுக்கு இரண்டு தீக்குச்சி. இப்படிச் சொன்னால்தான் அவர்களுக்குப் புரியும். கண் மட்டும் கடைசியில். முதலிலேயே வைத்தால் அதையே தேய்த்துத் தேய்த்துத் தாளைக் கிழித்துவிடுவார்கள். எல்லாப் பறவையும் ஒரே மாதிரி வர வேண்டும். என் வகுப்பில் அப்படித்தான் வரும்.

நௌரின்
(இன்னும் எல்.கே.ஜி. மிஸ்தான்)


மட்டாஞ்சேரி,
17-1-2025

அன்புள்ள நௌரின் மிஸ்,

இன்று நடந்ததை உங்களிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது!

எதிர்க்கடை இசக்கிராஜா அண்ணாச்சியிடம் சாயா கிளாஸ்களை இரவல் வாங்கி வந்தேன். வயிறு வந்தது, தலை வந்தது, சமோசா மூக்கும் வந்தது. நான் வரைந்ததைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். கண்ணில்தான் மாட்டிக்கொண்டேன். கடைசியில் வைத்தும் பென்சிலை அழுத்தி இரண்டு பேர் தாளில் ஓட்டை. அந்த நேரம் பார்த்து வாசலில் டீச்சர். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பையில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை இருந்தது. ஆளுக்கு ஒன்று பிய்த்துக் கொடுத்து, கண்ணுக்குப் பதிலாக இதை ஒட்டுங்கள் என்றேன்.

உம்மா பொட்டு வைக்காத வீட்டுப் பிள்ளைகள் ஒழுங்காகக் கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டினார்கள். அம்மா பொட்டு வைக்கிற வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் பறவையின் நடு நெற்றியில் ஒட்டிவிட்டார்கள் மிஸ்! டீச்சர் சங்கர்ராமின் தாளை எடுத்து, கண் எதற்கு இங்கே இருக்கிறது என்று கேட்டார். அவன் டீச்சரின் நெற்றியையே கைகாட்டி, "பொட்டு இவிடெயல்லே டீச்சரே வைக்கறது" என்றான்.

கமலாக்ஷி டீச்சர் சிரித்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாயங்காலம் எல்லாப் பறவைகளையும் கேட்டில் கட்டித் தொங்கவிட்டோம். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவர்கள் நகரவே இல்லை. ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துக் களைத்துப்போனார்கள்.

அப்புறம் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த வகுப்பை நீயே நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஆசை இல்லை என்று எழுதினால் பொய் மிஸ். இத்தனை வருஷம் இங்கே கக்கூஸ் கழுவியவள் நான். இன்று பிள்ளைகள் என்னை மிஸ் என்று கூப்பிட்டார்கள், உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆனால் நீங்கள் வருவதாக இருந்தால் வாருங்கள். நான் பழைய வேலைக்கே போய்விடுகிறேன், மனத்தாங்கல் இருக்காது. ஒரு வார்த்தை எழுதுங்கள்.

நாலைந்து பறவைகளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உங்கள் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
கற்பகம்


பாலக்காடு,
22-1-2025

அன்புள்ள கற்பகம் மிஸ்ஸுக்கு,

எல்லாம் ஒரே மாதிரி வர வேண்டும் என்று எழுதினேனே, ஒன்றாவது என் பேச்சைக் கேட்டதா? தாள்களைக் கட்டிலில் பரப்பிப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று உம்மா ஓடி வந்துவிட்டார்.

என் மகனுக்கு முதலில் நான் வரைந்த பறவையைத்தான் காட்டினேன். கொட்டாவி விட்டான். சங்கர்ராமின் பறவையைக் காட்டினேன். கையையும் காலையும் உதைத்துக்கொண்டு சிரிக்கிறான், களவாணிப் பயல். இவனை விட்டுவிட்டு நான் எங்கே வந்து அங்கே வேலை பார்ப்பது அக்கா? இது எனக்கு முன்பே தெரியும். ஆனாலும் அங்கே எனக்கு ஒரு வகுப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொள்வது நன்றாக இருந்தது.

இன்று காலையில் டீச்சருக்குப் போன் செய்து, கற்பகத்துக்கே கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். பெரிய மனசு என்று நினைத்துவிடாதீர்கள். போனை வைத்ததும் குளியலறைக்குள் போய் அழுதேன். இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது. ஆனால் பொட்டை எடுத்துக் கொடுக்க எனக்குத் தோன்றியிருக்காது, சத்தியமாக.

இன்னொன்றையும் டீச்சரிடம் கறாராகச் சொல்லியிருக்கிறேன். கூட்டித் துடைக்க வேறு ஆள் போட வேண்டும். இரண்டு வேலையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார், விட்டுக்கொடுக்காதீர்கள். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலையில் நேராக வகுப்புக்குப் போய் நாற்காலியில் உட்காருங்கள். துடைப்பத்தைத் தொட்டீர்கள் என்று என் காதில் விழுந்தால், மகனைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்துவிடுவேன்.

உங்கள்
நௌரின்